பில்லில் முழுப் பெயர் இருக்கிறதா?

“பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?” சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு விலை விசாரிப்பவர் காதில் இந்தக் கேள்வி இன்றும் விழத்தான் செய்கிறது. கணினி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள கார்டுக்கு 3,600 ரூபாய் வரி. அதை மிச்சம் பிடித்தால் ஒரு நல்ல கேபினட் வாங்கிவிடலாமே என்று மனம் கணக்குப் போடும். அந்த நொடியில் கைவிட்டுப் போவது வெறும் காகிதம் அல்ல. வாரன்டி, மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை, நுகர்வோர் ஆணையத்தில் வாதாடுவதற்கான முதல் சாட்சி எல்லாம் சேர்ந்தே போகின்றன.

பழைய கேமிங் கணினியைப் புதுப்பிக்கும் அவசரம் இப்போது பலருக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை என்விடியா அதே மாதத்தோடு நிறுத்துவதாக அறிவித்தது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். இதற்கிடையே ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை எகிறியது. ‘குரூஷியல்’ என்ற பெயரில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறி, அவசரமும் கூடும்போது போலிகளுக்கும் அரைகுறைச் சரக்குக்கும் நல்ல காலம்.

வாங்கப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வழக்கமாக ஆடும் விளையாட்டை ஓடவிட்டு, திரையின் மூலையில் தெரியும் எண்களைப் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் திணறினால் மாற்ற வேண்டியது கார்டு. கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருக்க, பிராசஸரின் ஓரிரு கோர்கள் நூறைத் தொட்டு நின்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டைச் செருகினாலும் ஆட்டம் வேகமாகாது. “இதப் போட்டா எல்லா கேமும் பறக்கும் தம்பி” என்று கடைக்காரர் சொல்வது பொய்யாகவே இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்தக் கணினியின் நிலை தெரியாது, அவ்வளவுதான்.

இந்தச் சந்தையில் ஏமாற்று பெரும்பாலும் பெயரின் பாதியில் நடக்கிறது. ‘ஆர்டிஎக்ஸ் 3060’ என்று மட்டும் பில்லில் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது 12 ஜிபியா 8 ஜிபியா? பெயர் ஒன்றுதான். ஆனால் 2022 இறுதியில் வந்த 8 ஜிபி வகையின் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 ஆகக் குறைக்கப்பட்டது. வேகமும் நன்றாகவே குறைந்தது. ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி வகைக்கு 1,280 கோர்கள், 3 ஜிபி வகைக்கு 1,152. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580க்கு 2,304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள். 2018இல் சீனச் சந்தைக்கென வந்த ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’, பெயரைத் தாண்டிப் பார்த்தால், ஆர்எக்ஸ் 570தான். இவற்றில் எதுவும் போலி அல்ல. நிறுவனங்களே அச்சடித்து விற்ற பெயர்கள். கேட்டு வாங்காதவர் தலையில் விழுந்த வித்தியாசம்.

நிறுவனமே அசலாக விற்கும் கார்டுகூடப் பழைய கணினியில் படுத்துவிடலாம். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு பேசுவது நான்கே தடங்களில். நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள புதிய போர்டில் அது போதும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய போர்டில் அந்தப் பாதை பாதியாகச் சுருங்க, 4 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் கார்டு மூச்சு வாங்கும். மலிவு விலைக் கார்டை யார் தேடுவார்? பழைய போர்டு வைத்திருப்பவர்தான்.

இனி உண்மையான போலிகள். பத்தாண்டுக்கு முந்தைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்றவற்றின் சில்லை எடுத்து, அதன் பயாஸைத் திருத்தி, ‘1050 டிஐ’ என்று விண்டோஸே நம்பும்படி செய்து விற்றார்கள். இந்த வியாபாரம் இவ்வளவு பெருகியதால்தான் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் 2018இலேயே போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன் ‘ஃபேக்’ என்று காட்டத் தொடங்கியது. கடையில் நின்றபடியே ஒரு பென்டிரைவிலிருந்து அதை ஓட்டிவிடலாம். ஓட்ட விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் வேலை முடிந்தது. அடுத்த கடைக்கு நடக்கலாம்.

பழைய கார்டு வாங்குபவர் இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் வேலை 2022 செப்டம்பர் 15இல் முடிவுக்கு வந்தது. மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் பழைய சந்தையில் குவிந்தன. மைனிங்கில் இருந்தாலே கார்டு செத்துவிட்டது என்பது மிகை. தேய்வது பெரும்பாலும் விசிறியும் வெப்பத் திட்டுகளும்தான். கார்டைக் கையில் வாங்கியதும் பின்பக்கத் திருகுகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஹீட்சிங்க் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்தால் வெப்பத் திட்டு வயதாகிவிட்டது. விசிறியை விரலால் மெல்ல அசைத்தால் ஆட்டம் காட்டக் கூடாது. பிறகு அரை மணி நேரமாவது பளு கொடுத்து ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ சிதறுகிறதா, சூடு ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்கலாம். விற்பவர் அரை மணி நேரம் தர மறுத்தால் விலையைக் குறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

பெட்டிக்குள் இருப்பதை நிறுவனங்களே மாற்றிய கதையும் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550 எஸ்எஸ்டி நல்ல பெயர் வாங்கிய பிறகு, 2021இல் அதே பெயரில் வேறு நினைவகச் சில்லோடு வந்தது. பெரிய கோப்புகளை எழுதும்போது வேகம் சரிந்தது. விமர்சனம் எழுந்ததும், இனி இப்படிப்பட்ட மாற்றத்துக்குப் புது மாடல் எண் தருவோம் என்றது நிறுவனம். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 இன்னும் பிரபலமான வழக்கு. 4 ஜிபி என்று 2014இல் விற்ற கார்டில் கடைசி அரை ஜிபி மட்டும் மிக மெதுவாக இயங்குவது 2015 ஜனவரியில் அம்பலமானது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2016இல் ஒரு கார்டுக்கு 30 டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பவர் சப்ளையில்தான் நம்மவர்கள் அதிகம் கஞ்சம் பிடிக்கிறார்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் புதுக் கார்டை மாட்டுவது வழக்கம். பெரிய பெயர் இருந்தாலும் கவனம் தேவை: கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் சோதனைகளில் வெடித்ததையடுத்து, 2021 ஆகஸ்டில் நிறுவனம் குறிப்பிட்ட சீரியல் எண் வரம்புக்குள் வரும் யூனிட்டுகளை மாற்றித் தர முன்வந்தது. சீரியல் எண் தெரியாதவருக்குத் தன் வீட்டில் இருப்பது அந்த வரம்பில் வருகிறதா என்பதே தெரியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் ஒட்டியிருந்தால் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை விட்டுவைத்துப் புதியதில் செருகக் கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹார்டு டிஸ்க் ஒரே நொடியில் கருகிவிடலாம்.

பிராசஸர் வாங்கும்போது எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்பது இந்தியாவில் முக்கியம். இந்தியாவின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வாங்கிய பெட்டிக்கு மட்டுமே இங்கே வாரன்டி என்று இன்டெல் 2016 முதல் 2024 வரை ஒரு தனிக் கொள்கை வைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து முறையாக இறக்குமதி செய்யும் ஒரு வணிக நிறுவனம் முறையிட, இந்தியப் போட்டி ஆணையம் 2019இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த பாகத்தை வாங்குபவர், அந்தந்த பிராண்டின் வாரன்டி நாடு தாண்டி வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியில் வந்ததா, உதிரியாக ‘டிரே’யில் வந்ததா என்பதும் பில்லில் ஏற வேண்டும். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பழுதானபோது 2024இல் இன்டெல் பெட்டிச் சரக்குக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. டிரே வாங்கியவர்களை விற்றவரிடம் போகச் சொன்னது.

சரி, சட்டம் என்ன தருகிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். பில்லில் ‘கிராபிக்ஸ் கார்டு - 1’ என்று இருந்தால் எந்தக் கார்டும் பொருந்திவிடும். மாடல், ஜிபி, சீரியல் எண், புதியதா பழையதா, வாரன்டி எத்தனை ஆண்டு, அதைத் தருவது கடையா நிறுவனமா என்று எழுதி வாங்கினால்தான் அந்தச் சட்டத்துக்குப் பல் முளைக்கும். பில் தராமல் விற்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே குற்றப்பட்டியலில் வருகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சிவப்பு மையில் அச்சிட்டிருப்பதைக் காட்டி யாரும் வாயடைக்க முடியாது. ஆனால் பொருளில் குறை இருக்க வேண்டும். வாங்கிய பின் மனம் மாறியதற்கு இந்தப் பிரிவு உதவாது.

இணையத்தில் வாங்கியவர் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது முகவரித் தாள், முத்திரை, சீரியல் எண் மூன்றும் தெரிய ஒரே மூச்சில் காணொளி எடுத்து வைத்தவருக்கு இந்த ஒரு மாதம் சுலபமாகக் கழியும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் மனுவைப் பதிவேற்றலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கடையோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட், ஜிபியூ-இசட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சாட்சிதான்.

இந்தக் கதவுகள் எல்லோருக்கும் திறக்காது. டெலிகிராம் குழுவில் ஒரு தனிநபர் தன் பழைய கார்டை விற்றால் அவர் வணிகர் அல்ல என்ற வாதம் எழும். பணம் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் அது இணைய மோசடி, உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். கேமிங் கஃபே நடத்துபவர் இருபது கார்டு வாங்கினால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். தன் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு கடை என்றால் சட்டமே விலக்கு தருகிறது, அதை மனுவிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றபடி, திருநெல்வேலிக்காரர் ரிச்சி தெருக் கடையில் வாங்கியிருந்தாலும் வழக்குக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் மாற்றியது. கடைக்காரர்தான் திருநெல்வேலிக்கு வர வேண்டும்.