அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கான மேம்பட்ட செவிலியப் பராமரிப்பு

அறுவை சிகிச்சைச் செவிலியம் என்பது, ஒருவருக்கு அறுவை சிகிச்சை தேவை என்று முடிவானது முதல் அவர் உடல் தேறி வீடு திரும்பும் வரை அளிக்கப்படும் செவிலியப் பராமரிப்பாகும். இதை அறுவைக்கு முன், அறுவையின்போது, அறுவைக்குப் பின் என்று மூன்று கட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். நாடி, வெப்பநிலை, இரத்த அழுத்தம் பார்த்தல், மருந்து கொடுத்தல், காயத்தின் கட்டை மாற்றுதல் ஆகியவை அடிப்படைப் பணிகள். மேம்பட்ட பராமரிப்பு என்றதும் விலையுயர்ந்த கருவிகளே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அளந்த எண்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படித்து, நோயாளியின் நிலை சரியத் தொடங்கும்போதே அதைக் கண்டுகொண்டு, உரிய மருத்துவரை உரிய நேரத்தில் அழைக்கும் திறனே இங்கு முதன்மையானது. இந்தியாவில் செவிலியப் பட்டயமோ பட்டமோ முடித்தவர்கள் அறுவை அரங்கச் செவிலியத்தில் ஓராண்டு பட்டயப் படிப்பும் படிக்கலாம்.

அறுவைக்கு முன்

நோயாளியிடம் செவிலியர் கேட்கும் கேள்விகள் சில வேளை தேவையற்ற விசாரணைபோலத் தோன்றும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, பல்செட்டு உண்டா, ஆடும் பல் உண்டா என்று அவை நீளும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. இவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஆடும் பல் மயக்கத்தின்போது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். நாட்டு மருந்து சாப்பிடுவதை மருத்துவமனையில் சொல்லக் கூச்சப்படுவோர் பலர். அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வதன் காரணத்தைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. முழு மயக்கத்தில் இருமலும் விழுங்கும் செயலும் அடங்கிவிடுகின்றன. வயிற்றில் உணவு இருந்தால் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அது உயிருக்கே ஆபத்து. எளிய உணவுக்குப் பின் 6 மணி நேரமும், எண்ணெயும் இறைச்சியும் நிறைந்த உணவுக்குப் பின் 8 மணி நேரமும், வெறும் தண்ணீருக்குப் பின் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். பால் கலந்த காப்பியும் தேநீரும் தண்ணீர்க் கணக்கில் வாரா, உணவுக் கணக்கில்தான் வரும். ‘ஒரு வாய் காப்பிதானே’ என்று உறவினர் கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் பெருந்தவறு. கொடுத்ததைச் சொல்லிவிட்டால் அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. மறுபுறம், மாலையில் நடக்கவிருக்கும் அறுவைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் வைப்பது பழைய பழக்கம். முதியோரும் சர்க்கரை நோயாளிகளும் இதனால் மிகவும் தளர்ந்து போகிறார்கள். நேரத்தைக் கணக்கிட்டு, மயக்க மருத்துவரைக் கேட்டு, இதைச் சரிசெய்ய வேண்டியவர் வார்டு செவிலியர்.

நகைகளைக் கழற்றச் சொல்வதும் உண்டு. இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தீப்புண் ஏற்படலாம்; கை வீங்கினால் மோதிரம் இறுகிவிடும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களிடம் அதட்டிப் பேசுவதால் பயனில்லை. மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லும் செவிலியர்களைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் காணலாம். நகப்பூச்சை அழிப்பது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி பிழையாகக் காட்டக்கூடும் என்பதால். அறுக்கும் இடத்து முடியைச் சவரக்கத்தியால் மழிப்பது இன்று தவிர்க்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி தங்கும். முடியை நீக்கியே தீர வேண்டுமானால் வெட்டும் கருவியால் கத்தரிப்பார்கள்.

அறுவை அரங்கில்

அரங்கில் இரு வகைச் செவிலியர்கள் பணிபுரிகிறார்கள். கை கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து, மருத்துவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். அங்கி அணியாமல் வெளிவட்டத்தில் நின்று, வேண்டியதை எடுத்துத் தந்து, பதிவேடு எழுதி, அனைத்தையும் கண்காணிப்பவர் மற்றவர். முன்னவரை ‘ஸ்க்ரப் நர்ஸ்’ என்றும் பின்னவரை ‘சர்க்குலேட்டிங் நர்ஸ்’ என்றும் அழைப்பர்.

அறுவைக் கையுறையின் வரலாற்றில் ஒரு செவிலியருக்கு இடமுண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்கத் தலைமைச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனுக்கு, கிருமி நீக்கப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசலால் கைகளில் தோல் அழற்சி ஏற்பட்டது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் இரப்பர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்கென மெல்லிய இரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். 1890இல் இருவரும் மணந்துகொண்டனர். செவிலியரின் கையைக் காக்க வந்த அந்த உறை, நோயாளியையும் தொற்றிலிருந்து காக்கும் என்பது பின்னரே உணரப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 19 அம்சங்களைக் கொண்ட இப்பட்டியல், மூன்று இடங்களில் எல்லோரையும் நிறுத்திப் பேச வைக்கிறது. மயக்கம் கொடுக்கும் முன், நோயாளியின் பெயர், செய்யவிருக்கும் அறுவை, வலமா இடமா, ஒவ்வாமை உண்டா என்று சரிபார்ப்பர். கத்தி வைக்கும் முன், குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்வர். கிருமிக்கொல்லி மருந்து முந்தைய 60 நிமிடங்களுக்குள் கொடுக்கப்பட்டதா என்று கேட்பர். நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன், எண்ணிக்கை சரியா, ஆய்வுக்கு அனுப்பும் திசுவில் பெயர் ஒட்டப்பட்டதா என்று பார்ப்பர். புது தில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. பட்டியலைப் பயன்படுத்திய பின் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பட்டியலை வாசித்துக் கேட்கும் பொறுப்பு பெரும்பாலும் வெளிவட்டச் செவிலியருடையது. மூத்த மருத்துவர் அவசரப்பட்டாலும் ‘ஐயா, ஒரு நிமிடம்’ என்று நிறுத்தும் துணிவு அவருக்கு வேண்டும். நிறுத்துபவரைக் கடிந்துகொள்ளாத பண்பு மருத்துவருக்கு வேண்டும்.

எண்ணிக்கை என்பது பஞ்சுத் துணிகள், ஊசிகள், கருவிகள் ஆகியவற்றின் கணக்கு. தொடங்கும் முன் ஒரு முறை, வயிறு போன்ற உட்குழியை மூடும் முன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது ஒரு முறை என இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவர். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப்போன ஆசிரியர்களுக்கு இது புரியும். பேருந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் தலைகளை எண்ண வேண்டும். ‘எல்லாரும் வந்துட்டாங்க சார்’ என்ற பேச்சு எண்ணிக்கை ஆகாது. இரத்தத்தில் நனைந்த துணி உள்ளுறுப்புகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அத்துணிகளில் எக்ஸ்ரே படத்தில் தெரியும் இழை ஒன்று வைக்கப்படுகிறது. கணக்கு ஒன்று குறைந்தால் தேடுவர், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுப்பர்.

மயக்கத்தில் இருப்பவருக்கு வலியைச் சொல்ல வாயில்லை. கை மேசைக்கு வெளியே தொங்கினாலோ, முழங்கை கடினமான விளிம்பில் அழுந்தினாலோ நரம்பு பாதிக்கப்படும். குதிகால், முழங்கை, பின்தலை ஆகியவற்றுக்கு மெத்தை வைப்பதும், உடல் வெப்பம் 36 பாகை செல்சியசுக்குக் கீழே போகாமல் போர்த்திக் காப்பதும் செவிலியர் பணிகளே. குளிர்ந்த உடலில் இரத்தம் எளிதில் உறையாது; காயத்தில் தொற்றும் கூடும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் மணி நேரங்கள்

மேம்பட்ட பராமரிப்பின் உண்மையான களம் இதுதான். அரங்கிலிருந்து வந்தவரை முதலில் மயக்கம் தெளியும் அறையில் வைத்து, மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையில் கவனிப்பர். கைகால் அசைவு, மூச்சு, இரத்த அழுத்தம், விழிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகிய ஐந்துக்கும் தலா 2 என 10 மதிப்பெண் தரும் ஆல்ட்ரெட் முறை 1970இல் அறிமுகமானது. ஐந்தாவதாக முதலில் தோலின் நிறமே இருந்தது. பின்னர் அது ஆக்சிஜன் அளவாக மாற்றப்பட்டது. பொதுவாக 9 அல்லது 10 பெற்றவரையே வார்டுக்கு அனுப்புவர்.

வார்டில் மிகவும் அஞ்ச வேண்டியது உள்ளே நிகழும் இரத்தக் கசிவு. இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தால் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் முக்கால் லிட்டருக்கு மேல் இழந்த நிலையிலும், படுத்திருப்பவரின் மேல் இரத்த அழுத்தம் பெரிதாக மாறாமல் இருக்கலாம். இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை வேகப்படுத்தியும் உடல் ஈடுகட்டிக் கொண்டிருக்கும். நாடி 84, பிறகு 98, பிறகு 114 என ஏறுவது, கைகால் சில்லிடுவது, தாகம், காரணமில்லாத படபடப்பு, சிறுநீர் குறைவது ஆகியவைதான் முன்னே வரும். சிறுநீர் மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லி லிட்டராவது வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லி லிட்டர். அழுத்தம் சரிந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதமான கண்டுபிடிப்பு. வடிகுழாய்ப் புட்டியில் இரத்தம் இல்லையே என்றும் ஆறுதல் கொள்ளக்கூடாது, குழாயை உறைகட்டி அடைத்திருக்கலாம். பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்கு நாடி வேகமெடுக்காமலும் போகலாம்.

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாதது. மார்பின் போன்ற வலிநீக்கிகள் மூச்சை மந்தமாக்கும். ‘இப்பதான் வலியில்லாம நல்லா தூங்குறார், எழுப்பாதீங்க’ என்று உடனிருப்பவர் சொல்வார். குறட்டை விட்டுத் தூங்குபவர், கூப்பிட்டால் கண் திறந்து ஒரு சொல் பேசும் முன் மீண்டும் உறங்கிவிட்டால் அது நல்ல தூக்கமல்ல. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 10க்குக் குறைந்தால் எழுப்பி மூச்சுவிடச் சொல்லி, ஆக்சிஜன் வைத்து, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இதற்கு நாலாக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. ஆக்சிஜன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் விரல் அளவி 98 என்றே காட்டும். மூச்சு மந்தமாவதை அது மறைத்துவிடும். அளவீடுகளில் கருவியின்றி எண்ண வேண்டியது மூச்சு ஒன்றே. எண்ணாமலே எல்லாருக்கும் 20 என்று எழுதப்படுவதும் அதுவே.

இந்த எண்களைத் தனித்தனியே பாராமல் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க, பிரித்தானியாவில் 2012இல் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. மூச்சு, ஆக்சிஜன், நாடி, மேல் இரத்த அழுத்தம், வெப்பநிலை, விழிப்பு ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டால் 2 சேரும். பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர்மாறாக, இங்கு கூடினால்தான் கவலை. 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர நிலை. நள்ளிரவில் மருத்துவரை எழுப்பத் தயங்கும் இளம் செவிலியருக்கு இந்த எண் நல்ல துணை. ‘நோயாளி ஒரு மாதிரியா இருக்கார் டாக்டர்’ என்பதைவிட, ‘குடலறுவை முடிந்து 6 மணி நேரம், நாடி 88இலிருந்து 120, ஒரு மணி நேரமாகச் சிறுநீர் 10 மில்லிதான், உள்ளே கசிவு என்று நினைக்கிறேன், உடனே வந்து பாருங்கள்’ என்பது மருத்துவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும்.

அடுத்த நாட்கள்

இயன்றவரை விரைவில் எழுந்து நடக்க வைப்பது இன்றைய முறை. படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் காய்ச்சல் வரலாம். வயிற்றுக் காயத்தின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். மூன்று பந்துகள் உள்ள பயிற்சிக் கருவியில் ஊதுவதல்ல, உறிஞ்சி இழுப்பதே சரி. பலர் ஊதிக்கொண்டிருப்பார்கள்.

வயிற்றறுவைக்குச் சுமார் ஒரு வாரத்தில், காயக்கட்டு திடீரெனச் செந்நீர் போன்ற நீர்மத்தால் நனைந்தால் தையல் உள்ளே பிரிகிறது என்று பொருள்கொள்ள வேண்டும். குடல் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ள முயலக்கூடாது. முழங்கால்களை மடக்கிப் படுக்க வைத்து, கிருமி நீக்கிய துணியைச் சலைனில் நனைத்து மூடி, அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும். முதியவர் இரவில் திடீரென உளறினால் வயது என்று விட்டுவிடாமல் தொற்று, ஆக்சிஜன் குறைவு, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடியையும் செவிக்கருவியையும் திரும்பக் கொடுத்தாலே சிலருக்குத் தெளிவு வந்துவிடும்.

வீடு திரும்பிய பின் பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை நிறுத்துவதும், தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று தடுப்பதும் நம் குடும்பங்களில் உண்டு. மருத்துவர் தனியாக விலக்கச் சொல்லாதவரை இவை வேண்டியவையே. காயம் ஆறப் புரதம் தேவை. காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கு உடனே திரும்பி வரச் சொல்வர். சொன்னதோடு நிறுத்தாமல், ‘எப்போது எல்லாம் வருவீர்கள், நீங்களே சொல்லுங்கள்’ என்று நோயாளியையும் உடனிருப்பவரையும் திருப்பிச் சொல்ல வைத்து, விட்டுப்போனதை மறுபடி விளக்கிய பிறகே நல்ல செவிலியர் வீட்டுக்கு அனுப்புவார்.