மேட்டு பங்களாவும் முன்வரிசையும்

கேமரன் மலையில் ஒரு மனிதனுடைய அந்தஸ்தை அறிய அவனுடைய சம்பளச் சீட்டைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை, அவன் குடியிருக்கும் வீடு மலையில் எந்த உயரத்தில் நிற்கிறதென்று பார்த்தாலே போதும் என்னும்படியான ஒரு காலம் இருந்தது. நான்கு திசையும் கண்ணுக்கு அடங்கும்படியான மேட்டில் துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார்களின் வீடுகள். அதற்கும் கீழே, பனியும் ஈரமும் வந்து தங்கும் பள்ளத்தில், கொழுந்து பறிக்கும் பாட்டாளிகளின் லயங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும்போதும், மாலையில் கூடைகள் தராசில் ஏறும்போதும், இன்னார் இன்ன தரம் என்பது சகலருக்கும் எதிரே நிர்ணயமாகிவிடும். இத்தனை ராத்தல் பறித்தாள் என்பதே ஒருத்தியின் மதிப்பு. இத்தனை ஏக்கரை ஆள்கிறார் என்பதே ஒருவரின் மதிப்பு.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் மாநிலத்தின் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவிட்டுப் போனார். 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இதை ஒரு மலைவாசஸ்தலமாக்கும் எண்ணம் உருப்பெற்றது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வர்த்தகர், இலங்கைத் தேயிலையில் பழகிய மில்ன் என்பவரைத் துணை சேர்த்துக்கொண்டு, போ தோட்டத்தைத் தொடங்கினார். ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும்தான் அன்றைய தளவாடம் என்று அத்தோட்டத்துச் சரித்திரம் பெருமையாகச் சொல்கிறது. மற்ற வேலையெல்லாம் மனிதக் கைகள் செய்தவை என்பதையும், அக்கைகளில் பெரும்பாலானவை கங்காணி மார்க்கமாகத் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து வந்தவை என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லிக்கொள்ளவேண்டும். ரஸ்ஸல் தம் பிரயத்தனத்தின் முழுப் பலனைக் காணாமலே 1933-ல் காலமானார்.

லௌகிக வெற்றியின் நிலையாமைக்கு இம்மலை தந்திருக்கும் உதாரணம் வேறொன்றும் உண்டு. தாய்லாந்தின் பட்டுத் தொழிலுக்குப் புத்துயிர் கொடுத்து, அதனால் உலகப் பிரசித்தி பெற்ற ஜிம் தாம்ஸன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26 அன்று, நண்பர்களின் விருந்தினராகத் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே நடந்தவர் திரும்பவேயில்லை. அப்போது அவருக்கு வயது 61. போலீஸாரும் ராணுவத்தாரும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் காட்டைச் சலித்தும் ஒரு தடயங்கூட அகப்படவில்லை. அவருடைய துர்ப்பாக்கியத்தைக் காட்டி நீதி போதிப்பது பண்பாகாது. ஆயினும், பாங்காக்கில் ஒரு மாளிகை நிறையக் கலைப்பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தவரைக்கூட இந்த மலைக்காடு அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இப்போது தோட்டத்துக்குள் வருவோம். நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் பட்டணங்களுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். இன்று சரிவுகளில் வேலை செய்வோரில் பலர் வங்கதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். இருவர் இருபுறமும் பிடித்து நடத்தும் இயந்திரக் கத்தரி சளைக்காமல் இரைந்துகொண்டிருக்கும். பகல் ஒரு மணி கடந்து லுஹர் வக்த்து வந்ததும், அவ்விருவரில் ஒருவன் முழங்கால்வரை ஏறிய ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் செடியோரம் சார்த்திவிட்டு, ஓடையின் குளிர்ந்த நீரில் ஒளுச் செய்துகொண்டு, கொழுந்து சேர்க்கும் சாக்கை உதறி விரித்து, மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பி நிற்பதைக் காணலாம். சுஜூதிலிருந்து நிமிரும்போது நெற்றியில் ஒட்டியிருக்கும் இலைத்துணுக்கைத் துடைக்கவும் அவனுக்குத் தோன்றுவதில்லை. காலையிலிருந்து மண்டோருக்கும் தராசுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்தச் சில நிமிஷங்களில் சிருஷ்டிகர்த்தாவோடு நேருக்கு நேர் பேசுகிறான். நடுவில் தரகர் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. இரவில் லயத்துப் பக்கத்துச் சிறு சூராவில் ஜமாஅத் கூடும்போது, திருக்குர்ஆனை நன்றாக ஓதத் தெரிந்தவனே இமாமாக முன்னே நிற்பான். அவன் பகலில் கொழுந்து வெட்டுகிறவனாக இருந்து, அவனை வேலை ஏவும் மண்டோர் பின்னால் நின்று தொழுதால், அதில் விசேஷம் ஒன்றுமிருப்பதாக அங்கே யாரும் கருதுவதில்லை.

இந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் நிற்கிறது. கி.பி. 630-ல் மக்கா நகரம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வசமானபோது, கஅபாவின் கூரைமீது ஏறிப் பாங்கு சொல்லும்படி அவர்கள் கட்டளையிட்டது, குறைஷிக் குலத்துப் பிரபு எவரையுமன்று. கலிமாவை விடமாட்டேன் என்றதற்காகச் சுடுமணலில் கிடத்தப்பட்டு, மார்பில் பாறாங்கல்லைச் சுமந்த பிலால் (ரலி) என்ற முன்னாள் அடிமையை. மனிதர்களில் கண்ணியம் மிகுந்தவர் பயபக்தி மிகுந்தவரே என்னும் கருத்துக் கொண்ட, 49-வது அத்தியாயத்தின் 13-வது வசனத்தை விளக்கவந்த உரையாசிரியர்கள் பலர், அன்று பெருங்குடியினர் முகஞ்சுளித்ததை நினைவூட்டாமல் மேலே போவதில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் கலீபா உமர் (ரலி) ஷாம் தேசத்துக்குப் பிரயாணம் செய்தார்கள். வழியில் ஒரு நீர்த்துறை குறுக்கிட்டது. பாரசீகத்தையும் ரோமாபுரியையும் நடுங்கவைத்த அரசின் தலைவர், ஒட்டகத்திலிருந்து இறங்கி, காலணிகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கணாங்கயிற்றைத் தாமே பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார்கள். பட்டணத்து ஜனங்கள் இந்தக் கோலத்தைக் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று சேனாபதி அபூ உபைதா (ரலி) கூச்சப்பட்டார். கலீபா சொன்ன பதிலின் தாத்பரியம் இது: நாம் ஈனப்பட்டுக் கிடந்த கூட்டம், இஸ்லாத்தைக் கொண்டே இறைவன் நமக்குக் கண்ணியம் கொடுத்தான், அதை விட்டு வேறெதிலாவது கண்ணியத்தைத் தேடப் புறப்பட்டால் அவனே நம்மைத் தாழ்த்திவிடுவான். அவர் இதைச் சொன்னது தோல்வியில் ஆறுதல் தேடுகிறவராக அல்ல என்பது கவனிக்கத்தக்கது. சாம்ராஜ்யத்தின் வெற்றி கையில் இருந்த வேளையிலேயே, அந்த வெற்றிக்கும் தம் கௌரவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அறுத்துச் சொன்னார்.

தமிழ் நாட்டில் இதற்குச் சாட்சி தேடுவோர் தொண்டியருகே பிறந்து, வசதியுள்ள குடும்பத்தைத் துறந்து, சென்னை இராயபுரத்தில் தவமிருந்த குணங்குடி மஸ்தான் சாகிபைச் சொல்வார்கள். எனக்கோ, ஞானியர் வரலாற்றைக் காட்டிலும் ஒரு சாதாரணக் கிராமத்தின் வரலாறே மனத்தைத் தைக்கிறது. தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று ஏறத்தாழ 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. தேசமே அமளிப்பட்டது. தலைவர்கள் விரைந்து வந்தார்கள்; வளைகுடாப் பணம் விளையாடுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. நிதானமாக ஆராய்ந்தவர்கள் கண்டதோ வேறு: மதம் மாறியவர்களில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள், படிப்பும் பதவியும் வந்த பிறகும், சொந்த ஊர்த் தெருவில் அவர்கள் பட்ட அவமதிப்பு மட்டும் நீங்கவில்லை. மேலும் ஒரு விவரத்தை நம்மில் பலர் யோசிப்பதில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்துக்கு வருகிறவர் தாழ்த்தப்பட்டோருக்குரிய ஒதுக்கீட்டை இழந்துவிடுகிறார். ஆகவே அந்த ஜனங்கள் கலிமா சொன்னபோது, பிள்ளைகளின் கல்லூரி இடத்தையும் சர்க்கார் வேலையையும் ஒரு தட்டிலும், தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையை மற்றொரு தட்டிலும் வைத்தே தீர்மானித்தார்கள். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயரிட்டுக்கொண்டார்கள். கேமரன் மலைக்குக் கப்பலேறிய பாட்டன்மாரும் இத்தகைய சேரிகளிலிருந்து வந்தவர்களே. கடல் கடந்தால் கூலி கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள், கூலியும் கிடைத்தது. கண்ணியத்துக்கு மட்டும் கங்காணி ஆள் பிடிக்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் சமூகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் விடுவது நியாயமாகாது. மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று கலியாணத்தின்போது மட்டும் ஞாபகம் வருகிற பிரிவுகள் நம்மிடையே இன்னும் மறைந்தபாடில்லை. மலேசியாவில் டத்தோ பட்டத்துக்கு நாம் காட்டும் ஆசை மற்றவர்களுடையதைவிடக் குறைந்ததன்று. சில பள்ளிவாசல்களில் பிரமுகர் வருகிறார் என்றால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறார்கள்; முந்தி வந்தவன் முன்னே நிற்பான் என்ற ஒரே சட்டம் உள்ள இடத்திலும் மேட்டு பங்களாவைக் கட்ட முயலுகிற புத்தி இது. பிலாலின் பெயரை முஅத்தினுக்குச் சூட்டி அழைத்து மகிழ்கிறோம். அந்த முஅத்தினுடைய சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

இதற்கு மாறான நல்ல உதாரணத்தையும் இந்நாட்டிலேயே காணலாம். ஹஜ்ஜுக்குப் போக விரும்பிய கிராமத்து ஏழைகள், வட்டி கலவாத பணமாயிருக்கவேண்டும் என்பதற்காக, தலையணைக்கடியிலும் மூங்கிலிலும் காசைச் சேர்த்து, கடைசியில் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய், திரும்பி வந்து வறுமையில் விழுவதைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ், 1959-ல் அவர்களுக்கென்று ஒரு சேமிப்புத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். அதிலிருந்து 1963-ல் பிறந்ததே தாபோங் ஹாஜி. இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளியாகப் போட்டுவந்தவன், ஒருநாள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளில், தன் தோட்ட முதலாளியோடு தோளுரசித் தவாபு செய்கிறான். ஹராம் கலவாத காசில்தான் போவேன் என்ற அந்த ஏழையின் பிடிவாதமே, நவீன நாட்டின் பெரிய நிதி ஸ்தாபனம் ஒன்றுக்கு அஸ்திவாரமாயிற்று.

ஆனால், பாட்டாளிக்குப் பரலோகக் கண்ணியத்தைக் காட்டி இகலோகக் கூலியைக் குறைக்கும் உபாயந்தானே இது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். சமயத்தை அப்படிப் பிரயோகித்த முதலாளிகள் எல்லா மதத்திலும் இருந்திருக்கிறார்கள். திருக்குர்ஆனோ தன் 83-வது அத்தியாயத்தை, அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்கு எச்சரிக்கையாகவே தொடங்குகிறது. வேலை செய்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபிமொழி வற்புறுத்துகிறது. ஈமானால் வரும் கண்ணியம், உரிய கூலியைக் கேட்கிறவனுக்கு முதுகெலும்பைக் கொடுக்கவேண்டுமே தவிர, கேளாமலிருக்கச் சொல்லும் சாக்காக ஆகக்கூடாது. அல்லாஹ்வுக்கு முன்னால் மட்டும் நெற்றியைத் தாழ்த்துகிறவன், தராசில் கை வைத்து எடையைக் குறைக்கிறவனிடம், ‘ஐயா, கணக்கு சரியில்லை’ என்று சொல்ல அஞ்சவேண்டியதில்லை.

2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தேயிலையானாலும் காய்கறியானாலும், மலையில் தோட்டம் நடத்தும் முஸ்லிம் முதலாளிகளுக்கு என் விண்ணப்பம் இதுதான்: அந்தத் தொகையைப் பிடித்தமின்றி உரிய தேதியில் கொடுங்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் தொழிலாளிக்கு அந்த நேரத்துக் கூலியை வெட்டாதீர்கள், பள்ளிவாசலில் அவன் உங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டால், அவனுக்குப் பின்வரிசையில் நில்லுங்கள்.