பிழை தேடும் கருவிக்குத் தெளிவான குறிப்பேடு தேவை

மாதக் கடைசியில் பேரேட்டுக் கணக்கு இடித்தால் குமாஸ்தா என்ன செய்கிறார்? வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எந்த இடத்தில் தொகை மாறியது என்று பார்க்கிறார். கம்ப்யூட்டர் புரோகிராமில் தவறு நேர்ந்தாலும் இதே வேலைதான். அதற்கென உள்ள கருவியின் பெயர் 'டிபக்கர்'. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தில் எந்த இனத்தில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டுவது இதன் பணி.

'பக்' என்றால் பூச்சி. 1947 செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டரின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. ஊழியர்கள் அதை எடுத்துத் தினக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அந்தக் குறிப்பேடு இன்று ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் உள்ளது. ஆனால் இயந்திரப் பழுதைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே இருந்தது.

புதிய உதவியாள்

இன்று பலரும் பயன்படுத்தும் டிபக்கர்களில் ஒன்று ஜி.டி.பி. இதை 1986-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதினார். நெடுங்காலம் மனிதர்களே இதை இயக்கி வந்தனர். இப்பொழுது 'ஏஜெண்ட்' எனப்படும் செயற்கை நுண்ணறிவு உதவியாளும் இதை இயக்குகிறது. குறிப்பேட்டைப் படிக்கிறது, கட்டளை இடுகிறது, வந்த பதிலைப் பார்த்து அடுத்த கட்டளைக்குப் போகிறது.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பார். ஏஜெண்டுக்கோ பெரும்பாலும் எழுத்தில் உள்ளதே வழிகாட்டி. எழுத்தில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, 'பிரிண்ட்' என்ற கட்டளை. பெயரைப் பார்த்தால் மதிப்பைக் காட்டுவதோடு சரி என்று தோன்றும். ஆனால் சி மொழிப் புரோகிராமில் 'இது ஐந்தா?' என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் ஜி.டி.பி. அந்த மதிப்பை ஐந்தாகவே மாற்றிவிடும். சோதிக்க வந்தவரே கணக்கைத் திருத்தியது போலாகும்.

இரண்டாவது, நிறுத்துமிடம் குறிக்கும் 'பிரேக்' கட்டளை. கொடுத்த பெயர் புரோகிராமில் இல்லையென்றால், 'பின்னால் வந்தால் நிறுத்தட்டுமா?' என்று ஜி.டி.பி. கேட்கும். எதிரே ஆள் இல்லையென்றால் 'வேண்டாம்' என்று தானே பதில் போட்டுக்கொள்ளும். புரோகிராம் நிற்காமல் ஓடி முடியும். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே கதிதான். இதை அறியாத ஏஜெண்ட், 'அந்தப் பகுதிக்குப் புரோகிராம் போகவே இல்லை' என்று முடிவு எழுதிவிடலாம்.

மூன்றாவது, 'அட்டாச்' என்ற கட்டளை. ஓடுகின்ற புரோகிராமில் டிபக்கரை இணைத்த மாத்திரத்தில் அது நின்றுவிடும். பணம் பட்டுவாடா செய்யும் புரோகிராமாக இருந்தால், மீண்டும் ஓட விடும்வரை வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

என்ன எழுத வேண்டும்?

ஒவ்வொரு கட்டளைக்கும் ஆறு விவரங்கள் வேண்டும். அது என்ன செய்யும்? எதையாவது மாற்றுமா, நிறுத்துமா? எப்பொழுது முடியும்? பதில் எந்த வடிவில் வரும்? தவறினால் என்ன சொல்லும்? எங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது?

'நிறுத்துமிடம் குறிக்கும்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'நிறுத்துமிடம் குறிக்கும்; வெற்றி பெற்றால் ஓர் எண் தரும்; எண் வராவிட்டால் குறிக்கப்படவில்லை என்று கொள்க; மேலே ஓட்ட வேண்டாம்' என்று எழுத வேண்டும். இரண்டாவது எடுத்துக்காட்டில் கண்ட தவறு இதனால் தவிர்க்கப்படும்.

அதற்காகப் பக்கம் பக்கமாக நீட்டவும் கூடாது. ஏஜெண்ட் ஒரே சமயத்தில் மனத்தில் கொள்ளும் எழுத்துக்கு அளவு உண்டு. குறிப்பேடே இடத்தை அடைத்துக்கொண்டால் ஆராய வேண்டிய புரோகிராமுக்கு இடம் குறையும்.

பொறுப்பு யாருடையது?

ஏஜெண்ட் தன் முடிவைச் சரளமாக எழுதித் தரும். தவறான முடிவும் அதே சரளத்தோடுதான் வரும். அதை ஏற்றுக்கொண்டு புரோகிராமைத் திருத்துவதும், பின்னால் விளக்கம் சொல்வதும் மனிதர்தான். பெங்களூரிலும் மும்பையிலும் ஐதராபாத்திலும் இந்தத் தொழிலில் உள்ள நம் பிள்ளைகள் பலருக்கு இது அன்றாடப் பொறுப்பு. எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வரவேண்டும் என்று குறிப்பேட்டில் தெளிவாக இருந்தால், ஏஜெண்ட் செய்த வேலையை அவர்கள் வரிவரியாகச் சரிபார்க்க முடியும். புதிதாக வேலைக்கு வரும் இளைஞருக்கும் அதே குறிப்பேடு பயன்படும்.

அலுவலக நடைமுறையை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வேலை அன்னியமானதல்ல. வீட்டில் கம்ப்யூட்டர் தொழில் பயிலும் பிள்ளைகள் இருந்தால், புரோகிராம் எழுதுவதோடு, அதை விளக்கி எழுதவும் பழகச் சொல்லுங்கள்.