சேவலின் ரோசம் எங்கிருந்து வருகிறது? நிறமா, இரத்தமா, வளர்ப்பா?

நல்ல சேவல் எது? தோட்டத்துப் பெரியவர்கள் நான்கு பேரிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் நான்கு பதில் வரும். நிறத்தைப் பார் என்பார் ஒருவர். தாய்க்கோழியைப் பார் என்பார் இன்னொருவர். எல்லாம் தீனியிலும் கைப்பழக்கத்திலும் இருக்கிறது என்பார் மூன்றாமவர். களத்தில் இறக்கிவிட்டால் தானே தெரிந்துவிடும் என்று முடிப்பார் நான்காமவர்.

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங் வட்டாரங்களில் பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு ஓயவில்லை. நான்காவது பதில் இன்று சட்டப்படி குற்றம். மற்ற மூன்றிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது? சண்டை இல்லாமல் போனால் அந்த இனமும் அழிந்துவிடும் என்று சொல்வது சரிதானா?

கல்லில் நிற்கும் கோழிகள்

போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நடுவது பழந்தமிழர் வழக்கம். அந்த மரியாதை கோழிக்கும் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்காக நட்ட கல் கிடைத்துள்ளது. அந்தச் சேவல் மேற்சேரியைச் சேர்ந்தது என்று அதிலுள்ள எழுத்து சொல்கிறது. காஞ்சிபுரம் பகுதியில் உள்ள இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல், கீழ்ச்சேரிக் கோழி ஒன்றைப் பெயரோடு குறிப்பிடுகிறது. அதன் பெயர் பொற்கொற்றி. இரண்டும் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பழமையானவை. சேரிக்குச் சேரி போட்டி இருந்தது, சேவலுக்குப் பெயர் வைத்துப் போற்றினார்கள் என்ற இரண்டு செய்திகளும் இந்தக் கற்களால் தெரிகின்றன.

இலக்கியத்திலும் இதற்கு இடம் உண்டு. சோழர்களின் உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் இருந்தது. யானையை எதிர்த்து வென்ற ஒரு கோழியின் கதையை அந்தப் பெயருக்குக் காரணமாகச் சொல்வார்கள். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கோழி வென்றி என்று ஒரு துறையையே தனியாக வகுத்திருக்கிறது.

மலாய்க்காரர்களின் சபோங் ஆயாம் பழக்கமும் நீண்ட வரலாறு கொண்டது. இந்த வட்டாரத்தின் பெயரையே ஒரு கோழியினம் சுமக்கிறது. நெட்டையான உடலும் நீண்ட காலும் கொண்ட மலாய் இனம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1865இல் அங்கே வெளிவந்த முதல் கோழியினத் தர நூலிலும் அதற்கு இடம் கிடைத்தது.

நிறமும் நேரமும்

நிறத்தைப் பார்க்கச் சொல்பவர்கள் நம்புவது பஞ்சபட்சி சாத்திரத்தை. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று பறவைகள் ஐந்து. ஊண், நடை, அரசு, துயில், சாவு என்று தொழில்களும் ஐந்து. பகலையும் இரவையும் ஐந்தைந்து யாமங்களாகப் பிரித்து, வளர்பிறையில் ஒரு வரிசை, தேய்பிறையில் வேறு வரிசை என்று கணக்குப் போடுவார்கள். சேவலின் இறகு நிறத்தைக் கொண்டு அது எந்தப் பட்சி என்று முடிவு செய்வார்கள். அதன் பட்சி அரசில் இருக்கும் நேரத்தில் விட்டால் வெற்றி, சாவில் இருக்கும்போது விட்டால் தோல்வி என்பது நம்பிக்கை.

மலாய்க்காரர்களிடமும் இதற்கு இணையான ஒரு கணக்கு இருந்தது. கெத்திக்கா லீமா எனப்படும் அந்த முறையும் நாளை ஐந்தாகவே பிரிக்கிறது. அதில் வரும் பெயர்கள் மகேஸ்வரா, காலா, ஸ்ரீ, பிரம்மா, விஷ்ணு. ஸ்கீட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1900இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நிறத்துக்கும் திறமைக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஒரு குடும்பம் பல தலைமுறையாக ஒரே வழியில் கோழி எடுத்து வந்தால், அந்த வழிக்கு ஒரு நிறம் படிந்துவிடும். அந்த வழிச் சேவல்கள் நன்றாக நின்றால் பெயர் நிறத்துக்குப் போய்விடும். பாராட்ட வேண்டியது வழியை; நிறம் அதற்கு ஓர் அடையாளம்தான்.

தாயைப் போல பிள்ளை

இரண்டாவது கட்சி இரத்தத்தை நம்புகிறது. தமிழ்நாட்டுச் சண்டைச் சேவல்களில் பெரும்பாலானவை அசில் இனம். அசில் என்பது அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. கலப்பில்லாத மூலவழி என்று பொருள். மலாய் மொழியில் அஸ்லி என்று சொல்கிறோமே, அதுவும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்தான்.

பெயர் வாங்கிய சேவலைத் தேடி எல்லாரும் அலைவார்கள். விவரம் தெரிந்தவர்களோ அதன் தாயைத் தேடிப் போவார்கள். தாயைப் போல பிள்ளை என்ற பழமொழியைக் கோழி வளர்ப்பவர்கள் சும்மா சொல்வதில்லை. குஞ்சின் மரபணுக்களில் ஏறக்குறைய பாதி தாயிடமிருந்து வருகிறது. கூடவே முட்டையின் தரம், அடைகாக்கும் பொறுமை, குஞ்சுகளைக் காக்கும் குணம் எல்லாமே தாயைப் பொறுத்தவை. அசில் பெட்டை முட்டை குறைவாக இடும். ஆனால் அடைகாப்பதில் கெட்டி.

இரத்தத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. வழி கெட்டுவிடக் கூடாது என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் கூமுட்டை அதிகமாகும், குஞ்சு நோஞ்சானாகும். அதனால்தான் சில தலைமுறைக்கு ஒரு முறை வெளியிலிருந்து சேவல் கொண்டுவரும் பழக்கம் இருக்கிறது.

எல்லாக் கோழிக்கும் மூலம் காட்டுக்கோழி. செம்பனைத் தோட்டங்களில் இன்றும் கண்ணில் படுகிற ஆயாம் ஹூத்தான் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 863 கோழிகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் காட்டுக்கோழிக் கிளையினமே வீட்டுக்கோழியின் மூதாதை என்று கண்டது.

இதே வாதம் நாய்களிலும் நடக்கிறது. பிட்புல் போன்ற இனங்கள் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சண்டைக்காக உருவாக்கிய நாய்களின் வழிவந்தவை. மலேசியக் கால்நடைச் சேவைத் துறை பிட்புல், ஜப்பானின் தோசா போன்றவற்றை இறக்குமதித் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, தனித்தனி நாய்களின் குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனம் விளக்குகிறது என்று கண்டது. இரத்தம் முக்கியம்தான், ஆனால் அதுவே எல்லாம் அல்ல.

ஓடாத சேவல்

சண்டைச் சேவல் வளர்ப்பவர்கள் மிக உயர்வாக மதிக்கும் குணம் பலமோ வேகமோ அல்ல, ரோசம். அடிபட்டாலும் திரும்பி நிற்கிற, ஓடாத குணம். கோழியாக இருந்தாலும் நாயாக இருந்தாலும் வாதம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

சேவல்கள் இயல்பாகவே சண்டை போடும். கோழிக்கூட்டத்தில் யார் முதலில் கொத்துவது என்று ஒரு வரிசை இருப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். வரிசை முடிவாகும் வரை மோதல் இருக்கும். ஒன்று தலையைத் தாழ்த்தி ஒதுங்கியதும் மோதல் முடிந்துவிடும். காட்டில் ஓடிப்போகிற சேவல் கோழை அல்ல. அது உயிரோடு இருந்து மறுநாள் இரை தேடும். பிறகு குஞ்சும் பெருக்கும்.

களத்தில் இந்த ஏற்பாட்டை மனிதன் இரண்டு விதத்தில் மாற்றினான். ஓடுவதற்கு இடம் இல்லாமல் வட்டம் போட்டான். ஓடிய சேவலைக் குழம்புக்கு அனுப்பி, ஓடாததை மட்டும் அடைக்கு விட்டான். பல நூறு தலைமுறையாக இப்படிப் பொறுக்கி எடுத்ததன் விளைவுதான் நாம் வீரம் என்று புகழும் குணம். வலி இல்லாததால் அது நிற்கவில்லை. பறவைகள் வலியையும் பலவீனத்தையும் வெளியே காட்டாமல் மறைப்பவை. காலில் கத்தி கட்டிவிட்டால் அந்த மறைப்பே அதற்கு எமன். கத்தி பிடித்தவனையும் விட்டுவைப்பதில்லை. 2021இல் தெலுங்கானாவில் சண்டைக்குக் கொண்டுவந்த சேவலின் காலில் கட்டிய கத்தி பட்டு அதன் உரிமையாளரே இறந்தார்.

குறுந்தொகையில் குப்பைக்கோழியார் என்ற புலவரின் பாட்டு ஒன்று இருக்கிறது. பிரித்துவிட ஆளில்லாமல் தாமாகவே மோதி ஓயும் குப்பைமேட்டுக் கோழிகளைத் தலைவியின் துயரத்துக்கு உவமையாக்கினார். அந்த உவமையே அவருக்குப் பெயராக நிலைத்தது. சண்டை மூட்டிவிடுபவனும் இல்லை, விலக்கிவிடுபவனும் இல்லை என்ற அந்த நிலைமையைப் புலவர் துன்பமாகவே பார்த்திருக்கிறார்.

கைப்பழக்கம்

மூன்றாவது கட்சி வளர்ப்பை நம்புகிறது. 2011இல் வெளிவந்த வெற்றிமாறனின் ஆடுகளம் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. தேறாது, அறுத்துவிடு என்று குரு சொன்ன சேவலைச் சீடன் வளர்த்து வெற்றி பெற வைப்பதில்தான் கதையே திரும்புகிறது.

கம்பு, கேழ்வரகு, சோளம் என்று அளந்து போடும் தீனி, காலை நடை, தண்ணீரில் நீந்தவிடுதல், தசைக்கு ஒத்தடம், எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கும் கண்... இவை எல்லாம் உண்மையான அறிவு. சண்டையை எடுத்துவிட்டாலும் இந்த அறிவுக்குப் பயன் குறையாது.

அதே கையில் சில தவறான பழக்கங்களும் உண்டு. எதிரிச் சேவல் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று கொண்டையையும் தாடியையும் அறுப்பார்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. உடல் சூட்டை வெளியேற்ற உதவும் உறுப்புகளில் கொண்டையும் தாடியும் முக்கியமானவை. மலாக்கா வெயிலில் அவற்றை அறுப்பது கோழியைச் சூட்டில் தவிக்கவிடுவதுதான். மருத்துவரிடம் காட்டாமல் வீட்டு ஊசியால் காயத்தைத் தைப்பதும் அப்படித்தான்.

நோய் இன்னும் பெரிய ஆபத்து. 2004 ஆகஸ்டில் மலேசியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் கிளந்தான் தும்பாட்டில் கண்டறியப்பட்டபோது, தாய்லாந்திலிருந்து கடத்திவந்த சண்டைச் சேவல்கள் மீதே சந்தேகம் விழுந்தது. ஊர் ஊராகப் போய்வரும் சேவல் நோயையும் கூடவே சுமந்து வரும்.

நாட்டுக்கோழியைக் கூண்டோடு சாய்க்கும் சம்பார் ஆயாம் நோய்க்குத் தடுப்பு உண்டு. 1980களில் பெர்த்தானியான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதாவது இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தினர், வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கினார்கள். ஊசி போடாமல் தீனியில் கலந்தே கொடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. கம்பத்துக் கோழிகளை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது.

சட்டம் சொல்வது

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 32ஆவது பிரிவு விலங்குச் சண்டையைத் தடை செய்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டுக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். பந்தயம் கட்டினால் சூதாட்டச் சட்டம் தனியாகப் பாயும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்காக ஓர் இளைஞர் வேலையையும் பெயரையும் இழக்க இது போதும்.

தமிழ்நாட்டு ஜல்லிக்கட்டை உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டதே என்று சிலர் கேட்பதுண்டு. 2023 மே மாதம் வந்த அந்தத் தீர்ப்பு, ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தத்தைப் பற்றியது. சேவல் சண்டைக்கு அது உரிமம் தரவில்லை. மலேசியாவுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. சேவல் வளர்ப்பதை விலங்கு நலச் சட்டம் தடுக்கவில்லை. தாமான்களில் வளர்க்க நினைப்பவர்கள் ஊராட்சி மன்ற விதிகளை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சண்டை போனால் இனம் போகுமா?

இங்கிலாந்து 1835இல் சேவல் சண்டைக்களங்களுக்கும் நாய்ச்சண்டைக்கும் ஒரே சட்டத்தில் தடை போட்டது. 1849இல் அதை இன்னும் இறுக்கியது. சண்டைக்கோழி அங்கே அழிந்துவிடவில்லை, கண்காட்சிக்குப் போனது. அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. நடுவர்களுக்கு நீண்ட கால் பிடித்துப்போனதால் காலும் கழுத்தும் மட்டும் நீண்ட ஒரு புது வகை உருவாயிற்று. பழைய கட்டான உடலை விரும்பியவர்கள் பழைய வகையைத் தனியாகக் காத்தார்கள். இன்று இரண்டுமே இருக்கின்றன.

தமிழ்நாட்டிலும் அந்த மாற்றம் நடக்கிறது. கிளிமூக்கு விசிறிவால் அசில் இப்போது அழகுக்காகவே வளர்க்கப்படுகிறது. மூக்கின் வளைவு, வாலின் நீளம், நிற்கும் தோரணை ஆகியவற்றுக்கு மதிப்புப் போடும் கண்காட்சிகள் நடக்கின்றன. நல்ல சேவலுக்குப் பெரிய விலையும் கிடைக்கிறது. அழகைத் துரத்தி உடல்நலத்தைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

மாசி மகத்துக்குச் சன்னாசிமலை ஏறும் மலாக்காத் தமிழருக்கு முருகனின் சேவற்கொடியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேவல் மீது நமக்குள்ள பிரியம் பழையது. அதைக் காட்ட இரத்தம் தேவையில்லை. எந்தப் பெட்டை எந்தச் சேவலோடு சேர்ந்தது, எந்த வழியில் குஞ்சு நன்றாகத் தேறியது, எந்த நோய்க்கு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இன்னும் சில பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், தோட்டத்துக் கோழியின் வழி அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்.