மீனுக்காக 4 அணைகளை இடித்துத் தள்ளினார்கள்!

அமெரிக்கப் பழங்குடி மக்களின் 20 ஆண்டுப் போராட்டம்

ஒரே மாதத்தில் 34 ஆயிரம் பிணங்கள்! கரை எங்கும் நாற்றம்!

நடந்த இடம், அமெரிக்காவில் ஓடும் கிளாமத் ஆறு. காலம், 2002-ம் ஆண்டு செப்டம்பர். செத்து மிதந்தவை சால்மன் மீன்கள்.

"மீன்தானே" என்று நினைக்காதீங்க. கரையில் வாழும் யூரோக், காருக் பழங்குடி மக்களுக்கு தலைமுறை தலைமுறையாக அதுதான் சாப்பாடு. சாமி காரியத்துக்கும் அதுதான். எனவே, அது அவர்கள் வீட்டில் விழுந்த இழவு.

குற்றவாளி யார்?

அது வறட்சி ஆண்டு. மேல் பகுதியில் விவசாயத்துக்குத் தண்ணீரைத் திருப்பி விட்டார்கள். ஆறு இளைத்தது. இருந்த கொஞ்சத் தண்ணீரும் சூடானது. செவுளில் நோய் தாக்கி மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

ஆறு ஏற்கனவே நோயாளிதான். மின்சாரம் எடுக்க ஒன்றன் பின் ஒன்றாக 4 அணைகள் கட்டி இருந்தார்கள். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். குறுக்கே அணை நின்றால் எங்கே போகும்? தேங்கிய தண்ணீரில் பாசியும் பிடித்தது.

கடல் தாண்டிப் போனார்கள்

அணைகளை இடிக்க வேண்டும் என்று பழங்குடிகள் கிளம்பினார்கள். அப்போது மின்சார கம்பெனியின் முதலாளிகள் இருந்தது ஸ்காட்லாந்தில். 2004-ல் அங்கேயே போய் பங்குதாரர்களிடம் நியாயம் கேட்டார்கள். கம்பெனி கை மாறியது. புது முதலாளியின் ஊரான ஒமாகாவுக்கும் போய் நின்றார்கள்.

அணைகளை வைத்துக்கொள்வதானால் மீன் ஏறிப் போக வழி கட்டியாக வேண்டும். கணக்குப் பார்த்தால் இடிப்பதே மலிவு! கம்பெனி இறங்கி வந்தது. 2022 நவம்பரில் மத்திய ஆணையம் அனுமதி கொடுத்தது. 2023-ல் ஒரு அணை போனது. 2024 அக்டோபருக்குள் மற்ற மூன்றும் தரைமட்டம். செலவு சுமார் 45 கோடி டாலர்.

சேற்றில் விதைப்பு

இடித்ததோடு வேலை முடியவில்லை. நீர்த்தேக்கம் வடிந்த இடத்தில் சுமார் 2,200 ஏக்கர் வெறும் சேறு! சும்மா விட்டால் களைதான் மண்டும்.

யூரோக் ஆட்கள் இதை முன்பே யோசித்து இருந்தார்கள். பல ஆண்டுகளாகக் காடு மேடு சுற்றி, அந்த மண்ணுக்கே உரிய புல், பூச்செடி, மர விதைகளைச் சேகரித்தார்கள். அவற்றைப் பண்ணைகளில் பெருக்கினார்கள். சேர்ந்தது ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட விதைகள்! தண்ணீர் வடிய வடிய, சேற்றில் இறங்கிக் கையாலேயே தூவினார்கள். அதிகாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் கூடவே வேலை செய்தார்கள்.

மீன் வந்தது!

2024 அக்டோபர் 16. பழைய அணைகளுக்கு மேலே, ஒரேகான் மாநிலத்தில் உள்ள கிளை ஆற்றில் சால்மன் நீந்துவதை அதிகாரிகள் கண்டார்கள். 1912-க்குப் பிறகு அங்கு சால்மன் வந்தது அதுவே முதல் முறை. அதாவது, 112 ஆண்டுகள் கழித்து! அந்த வழியை எந்த மீனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அணைக்காக நிலத்தைப் பறிகொடுத்த சாஸ்தா பழங்குடியினருக்கு சுமார் 2,800 ஏக்கரைத் திருப்பித் தருவதாக கலிபோர்னியா அரசு 2024 ஜூனில் அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆற்றின் மேல் பகுதியில் மேலும் 2 அணைகள் நிற்கின்றன. பாசனத் தண்ணீர் தகராறும் தீர்ந்தபாடில்லை. ஆனால் தூவிய விதை முளைத்துவிட்டது. மீனும் வந்துவிட்டது.