கொம்பு சுரம் பிடிப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்களில் உருட்டி எடுக்கிற இரும்புக் கம்பி நுனிமுதல் அடிவரை ஒரே பருமனாக இருக்கும். அதுதான் அதன் தரம். திருவிழாவில் ஊதும் கொம்புக்கு நேர்மாறான குழாய் வேண்டும். ஊதுமுனையில் விரல் பருமன், மறுமுனையில் அகன்ற வாய், நடுவே எங்கும் ஒரே அளவு கிடையாது.

காரணம் காற்றில் இருக்கிறது. கொம்பில் துளையும் இல்லை, வால்வும் இல்லை. உதடு அதிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று அதிரும், அவ்வளவுதான். ஒருமுனை உதட்டால் அடைபட்ட, ஒரே பருமனான குழாயில் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 மடங்குகளே எழும். கூம்புக் குழாயில் 1, 2, 3, 4, 5 என எல்லா மடங்குகளும் வரும். இரண்டாவதை ஸட்ஜமாக வைத்தால் மூன்றாவது பஞ்சமம், நான்காவது மேல் ஸட்ஜம், ஐந்தாவது அந்தர காந்தாரம். சுருதி சுத்தமான தம்புராவில் யாரும் மீட்டாமலே கேட்குமே, அதே காந்தாரம்! 1.8 மீட்டர் கூம்பில் அடிப்படை சுமார் 95 ஹெர்ட்ஸ். உதட்டை இறுக்கினால் மேல் மடங்கு, தளர்த்தினால் கீழ் மடங்கு. கோயிலில் ஊதும் இன்னொரு குழலான திருச்சின்னம் குட்டையானது, ஒருவரே இரண்டை ஒன்றாக ஊதுவார். அதில் கிடைக்கும் சுரங்கள் மிகச் சில. ஆனாலும் வேதாந்த தேசிகர் அதை வைத்தே திருச்சின்னமாலை பாடிவிட்டார்.

கூம்பைக் கையால் செய்ய, பித்தளைத் தகட்டை விசிறி வடிவில் வெட்டி, சரிவான இரும்புக் கோலில் சுற்றிக் கொட்டாப்புளியால் தட்டுவார்கள். அடி வாங்க வாங்கப் பித்தளை விறைக்கும், விட்டால் வெடிக்கும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினால் மறுபடி இளகும். எஃகைப்போல் அல்லாமல், பழுத்த பித்தளையைத் தண்ணீரில் முக்கினாலும் அது இளக்கமாகவே இருக்கும். விளிம்புகள் சேரும் இடத்தில் வெண்காரம் தூவி, துத்தநாகம் கூடுதலான பித்தளைப் பொடியால் பற்றவைக்கிறார்கள். பொடி முதலில் உருகும், தகடு தப்பிக்கும். நெருப்பு கொஞ்சம் மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து போய்விடும் என்பதால் கண்ணை எடுக்க முடியாது.

வளைக்கும்போது குழாய் நசுங்காமலிருக்க உள்ளே ஈயம் ஊற்றலாம். வளைத்தபின் சூடாக்கினால் 327 டிகிரியில் ஈயம் உருகி வழிந்துவிடும். பித்தளை உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் எக்காளத்துக்குப் பேர்போன ஜெர்மனியின் நியூரம்பர்க் பட்டறைகளிலும் தகடு, சுத்தியல், பற்றவைப்புதான். அவர்கள் குழாயைப் பெரும்பாலும் ஒரே பருமனாக விட்டு, கடைசியில் வாயை மட்டும் விரித்தார்கள். அந்த விரிவும் ஊதுவாயின் குழிவும் சேர்ந்து, ஒற்றைப்படை மடங்குகளை முழு வரிசைக்கு அருகே இழுத்துவிடும்.

நம் கொம்போ இரண்டு அரைவட்டத் துண்டு. ஒரு பக்கமாகச் செருகினால் பிறை, ஒன்றைத் திருப்பிச் செருகினால் ‘எஸ்’. எப்படிச் செருகினாலும் சுரம் ஏறக்குறைய அதேதான். காற்று கணக்குப் பார்ப்பது நீளத்தையும் அகலத்தையும்தான்.