'வரலாற்று' என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கடந்த பருவத்தில் சுற்றுப்பயணிகளுக்காக ஓர் இடத்தை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தி எழுதும் பணி எங்களுக்குத் தரப்பட்டது. நான் ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1833-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆலயம். சிறு வயது முதல் அம்மாவுடன் போய் வரும் இடம். முதல் வரியிலேயே அதை 'ஹிஸ்டோரிக்கல்' ஆலயம் என்று பெருமையோடு எழுதினேன். விரிவுரையாளர் அந்தச் சொல்லுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

எனக்குக் குழப்பம். 'ஹிஸ்டோரிக்', 'ஹிஸ்டோரிக்கல்' இரண்டுமே 'வரலாற்று' தானே?

இல்லை. கடந்த காலம் தொடர்பான எதுவும் ஹிஸ்டோரிக்கல். வரலாற்றில் சிறப்பிடம் பெற்றது மட்டுமே ஹிஸ்டோரிக். நாடு சுதந்திரம் அடைந்த 1957 ஆகஸ்டு 31 ஹிஸ்டோரிக் நாள். அந்த ஆண்டின் மளிகைக் கடை ரசீது ஒன்று கிடைத்தால், அது ஹிஸ்டோரிக்கல் ஆவணம். அப்படியானால் நான் ஆலயத்தின் பழமையைச் சொன்னேனே தவிர, அதன் பெருமையைச் சொல்லவில்லை!

2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பட்டியலில் உள்ள பெயரிலும் 'ஹிஸ்டோரிக்' நகரங்கள் என்றே இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. நாவலை 'வரலாற்று நாவல்' என்கிறோம். நகரத்தை 'வரலாற்றுச் சிறப்புமிக்க நகரம்' என்கிறோம். மலாயிலும் நாவலுக்கு 'செஜாரா', நகரத்திற்கு 'பெர்செஜாரா'.

அன்றிரவு, மறுநாள் அனுப்பவேண்டிய உபகாரச் சம்பள விண்ணப்பக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். குடும்பத்தின் பொருளாதாரச் சிரமத்தை 'எகானமிக்கல்' என்று எழுதியிருந்தேன். அதற்குச் 'சிக்கனமான' என்று பொருள். பொருளாதாரம் தொடர்பானது 'எகானமிக்'. நல்லவேளை, திருத்திவிட்டேன்.

இன்னொரு ஜோடி 'கிளாசிக்', 'கிளாசிக்கல்'. 2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. அந்தச் செம்மொழிக்கு ஆங்கிலத்தில் 'கிளாசிக்கல்' மொழி என்றுதான் பெயர். காலம் கடந்தும் மவுசு குறையாத பழைய படத்தை 'கிளாசிக்' என்கிறோம்.

நண்பர்களே, இத்தகைய சொற்களை எழுதும்போது அகராதியில் பொருளை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். பிறகு, சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை முழுமையாகச் சொல்லிப் பாருங்கள். 'வரலாற்று' என்று நிறுத்துகிறீர்களா, 'சிறப்புமிக்க' என்றும் சேர்க்கிறீர்களா? அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.